பொதுக் கிழவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அவ்வப்போது பென்சிலும் நோட்டுமாக உட்கார்வதுண்டு என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு வயது 41. தினம் ஒரு முகம் என்று உறுதி எடுத்துக்கொண்டு 112 நாட்களாக வரைகிறேன். இரவில் அரை மணி நேரம், கைபேசியில் ஏதாவது ஒரு புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு வரைவேன். முடித்ததும் வலையில் போட்டுவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் 20ஆவது நாள் படத்துக்கும் 112ஆவது நாள் படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஓவியப் பாடநூல்கள் எழுதிய லூமிஸ் என்ற அமெரிக்கரின் முறைப்படி, தலைக்கு முதலில் உருண்டை போட்டு ஆரம்பிப்பதா, கட்டம் போட்டு வரைவதா? எந்தப் பென்சில், எந்தத் தாள்? 24 பென்சில் உள்ள பெட்டி வாங்கினேன், அப்படியும் நிழல் சரியாக விழவில்லை. இந்த வயதில் கை பழகுமா? எத்தனை நாளில் ஒருவரைப் பார்த்து அவர் மாதிரியே வரைய வரும்? திறமை என்று ஒன்று உண்டா, அது எனக்கு இல்லையா? (என் மகள் நோட்டைப் புரட்டிவிட்டு, "என்னப்பா, எல்லாரும் ஒரே ஆளா இருக்காங்க" என்று சிரிக்கிறாள்.)

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் போய் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் சில்லறைக் கேள்விகளைத் தீர்த்துவிடுவோம். 41 எல்லாம் ஒரு வயதா? திறமையைப் பற்றி நான் பேசுவதில்லை. அன்றைக்கு வரையாமல் தப்பிக்க நினைப்பவர்கள்தான் அதை எடுப்பார்கள். லூமிஸின் உருண்டை நல்ல உபாயம். இரண்டு பக்கமும் சீவிய உருண்டையில் புருவக்கோட்டைச் சுற்றிவிட்டால் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பது கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த உருண்டை எல்லாருக்கும் பொது. அதிலிருந்து ஒரு தலை கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார். கட்டம் போடுவதும் ஒரு பாவமில்லை. சக் குளோஸ் என்ற அமெரிக்க ஓவியருக்கு முகங்கள் நினைவில் நிற்காது, பழகியவர்களின் முகமே அடையாளம் தெரியாமல் போகும் குறைபாடு. அவர் புகைப்படத்தில் கட்டம் போட்டு, ஆள் உயரத்தைத் தாண்டிய முகங்களாக வரைந்துதான் பெயர் வாங்கினார். உங்கள் வியாதி அதற்கு நேர் எதிர். முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது என் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். இல்லாவிட்டால் பென்சில் விசாரிக்கும் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. கண் என்றால் கயல், புருவம் வில், மூக்கு எள்ளுப்பூ, உதடு கொவ்வைக்கனி. பரீட்சையில் இதற்கெல்லாம் பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பென்சிலை எடுத்ததும் கை அந்த மீனைத்தான் போடுகிறது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டு முனையும் கூர், நடுவில் முழு வட்டமாக ஒரு கருவிழி. இப்படி ஒரு கண்ணை யாருடைய முகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? சும்மா உட்கார்ந்திருப்பவரின் கருவிழியில் மேல்பக்கத்தை இமை கொஞ்சம் மூடியிருக்கும். முழு வட்டமும் தெரிந்தால் ஆள் எதையோ கண்டு மிரண்டிருக்கிறார் என்று அர்த்தம். வெண்விழி வெள்ளையாக இருக்காது. அது ஓர் உருண்டை, மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுந்து கிடக்கும். கீழ் இமைக்கு ஒரு தடிமன் உண்டு, அந்த விளிம்பில் மெலிதாக வெளிச்சம் நிற்கும். இது எதையும் பார்க்காமல் ஒரு மீனைப் போட்டுவிட்டு, 24 பென்சிலாலும் தேய்த்தால் நிழல் எங்கே போய் விழும்?

கவிஞர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் காதலித்தார்கள், அவர்களுக்கு அது போதும். ஆனால் அந்த வர்ணனையைக் கையில் வைத்துக்கொண்டு காணாமல் போனவரைத் தேட முடியுமா?

நெற்றியும் அப்படித்தான். கண்கள் இருப்பது தலையின் சரிபாதியில். உச்சந்தலையிலிருந்து தாடை வரை ஒரு பென்சிலை வைத்து அளந்து பாருங்கள். ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லாரும் கண்ணைத் தூக்கி மேலே வைத்துவிட்டு மண்டையைச் சீவிவிடுகிறோம். நாம் பேசும்போது பார்ப்பது கண்ணையும் வாயையும்தான். நெற்றியோடு யார் பேசுகிறார்கள்? அக்கறை இல்லாத இடம் படத்தில் சுருங்கிவிடுகிறது.

ஓவியன் தன் முகத்தின் சாயலையே எல்லா முகங்களிலும் போட்டுவிடுவான், அதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். ஆக உங்கள் மகள் லியனார்டோ கட்சி. அவள் சிரிப்பை நீங்கள் முதல் மாதத்திலேயே கேட்டிருந்தால் மிச்சமுள்ள நாட்களாவது உருப்பட்டிருக்கும்.

இப்போது திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 112 நாட்களில் 112 அந்நியர்கள். யாருடைய முகத்தையும் அரை மணிக்குமேல் நீங்கள் பார்த்ததில்லை. நேற்றுப் போட்ட மூக்கு தப்பு என்று இன்று தெரிந்துகொள்ள வழியே இல்லை, நேற்றைய மூக்கு போய்விட்டது. அதுவும் கைபேசிப் படங்கள். முகத்துக்கு ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தள்ளி எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் பெருத்துத் தெரியும், காதுகள் பின்வாங்கி ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு மழமழவென்று தேய்த்துவிடப்பட்ட தோல். அதைப் பார்த்து நிழல் கற்றுக்கொள்கிறேன் என்கிறீர்கள். அப்புறம், வரைந்த சூட்டோடு வலையில் ஏற்றம். "அருமை" என்று நாலு பேர் சொன்னதும் அந்தப் படத்தை மறுபடி நீங்கள் பார்ப்பதே இல்லை, சரிதானே? நாள் தவறவில்லை என்று பெருமை வேறு. வட்டி எண்ணுபவர்களும் நாள் தவறுவதில்லை.

சரி, என் நோட்டுக்கு வருகிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்வார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து 20 நிமிடம் வரைவேன். வேறு மாடல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். முதல் இரண்டு வாரம் நோட்டில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பொதுக் கிழவர். வழுக்கை, சுருக்கம், மூக்குக்கண்ணாடி எல்லாம் முறையாக இருந்தன. எந்த வீட்டுக்கும் தாத்தாவாக அனுப்பிவைக்கலாம். அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யார்றா இது, உங்க பெரியப்பன் மாதிரி இருக்கு" என்றார். பெரியப்பாவோடு அவருக்குப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்று முழுக்க என்னோடும் இல்லை.

வெறுத்துப்போய்க் கண், மூக்கு, வாய் மூன்றையும் விட்டேன். பென்சிலைத் தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கவிட்டு, எதற்குக் கீழே எது வருகிறது என்று மட்டும் பார்த்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டால் சில்லறை விவரம் எல்லாம் மறைந்து வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் பிரியும். அந்த இரண்டு திட்டுகளின் எல்லையை மட்டும் போட்டேன். ஐந்தாறு நாள் கழித்துத்தான் அந்த இடைவெளி கண்ணில் பட்டது. அப்பாவின் பின்னங்கழுத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு விரல் வெளிச்சம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தும் அவர் சாயவே இல்லை. அவர் யாரிடமும் எதற்கும் சாய்ந்ததில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கழுத்தில் அது எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியைப் போட்ட அன்று அம்மா அந்தப் பக்கம் போனவள் நோட்டைப் பார்த்துவிட்டு, "காலங்காத்தால எதுக்கு இவ்வளவு கோவமா உக்காந்திருக்கார்?" என்றாள். படத்தில் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது.

"அவர் மாதிரியே" என்று கேட்டீர்களே, அது இருப்பது இப்படிப்பட்ட இடங்களில். தெருமுனையில் வருபவர் யார் என்று அவர் மூக்கு தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடவில்லையா?

அப்புறம் ரப்பர். அதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும்.

நாலாவது மாதம். கை ஓரளவு பழகி, கொஞ்சம் கர்வமும் வந்திருந்த சமயம். ஒருநாள் காலை அப்பாவின் வாயைப் போடும்போது இடது ஓரம் சற்றே இறங்கி வந்தது. தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்தேன். இரண்டாம் முறையும் இறங்கியது. மூன்றாவது முறை அழித்து, வலது ஓரத்துக்குச் சமமாக ஏற்றி வைத்துவிட்டு, படம் நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியோடு எழுந்து போனேன். சாயங்காலம் அப்பா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. இடது கண்ணும் முழுதாக மூடவில்லை. முகவாதம் என்றார் மருத்துவர். முகத்து நரம்பு செயலிழப்பதால் வருவது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், அப்பாவுக்கும் இரண்டரை மாதத்தில் சரியானது. ஆனால் பக்கவாதத்திலும் வாய் இப்படிக் கோணும். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை எது என்று எங்களுக்குத் தெரியாது. வழி முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது என் ரப்பரை. காலை ஏழரை மணிக்கே என் கண் பார்த்துவிட்டது, கையும் மூன்று முறை சரியாகப் போட்டுக் காட்டியது. எனக்குத் தெரிந்த அப்பாவுக்கு வாய் கோணாது, அதனால் அழித்தேன்.

போன மாதம் கிடைத்தது அந்த நோட்டுதான். அந்தப் பக்கத்தில் வாய்க்குப் பக்கத்தில் தாள் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது.

அதற்குப் பிறகு நான் ரப்பர் வைத்துக்கொள்வதில்லை. கோடு தப்பாகிவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுவேன். இரண்டும் இருக்கட்டும், எது சரி என்று நாளைக்குத் தெரியும். இது உங்களுக்கு அலங்கோலமாகப் படும், வலையில் போட்டால் யாரும் "அருமை" சொல்ல மாட்டார்கள். பரவாயில்லை. ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1514 மார்ச்சில் தன் அம்மாவைக் கரியால் வரைந்தார். 63 வயது, 18 பிள்ளை பெற்ற உடம்பு. எலும்பு துருத்திய கன்னம், நெற்றி முழுக்கச் சுருக்கம், கயிறு கயிறாகப் புடைத்த கழுத்து. எதையும் அவர் மழுப்பவில்லை. இரண்டு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவருடைய கோட்டின் மேல் அல்ல அந்தப் பொறாமை, அம்மாவை அழகாக்கிவிடாத அந்த மனசின் மேல்.

ஆகவே, ஒரே ஒரு முகம். அடுத்த 112 நாளுக்கு. உயிரோடு எதிரே இருக்கும் முகம். சலித்துப்போகும் என்பீர்கள். ஜியாகொமெட்டி என்ற சிற்பி தன் தம்பி டியேகோவின் தலையை முதன்முதலில் வடித்தது 1914இல், பையனாக இருந்தபோது. 1966இல் சாகும்வரை அந்தத் தலை அவருக்குத் தீரவில்லை. 1964இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர், ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நம்பி அவர் முன்னால் உட்கார்ந்தார். 18 நாள் உட்கார வேண்டியதாயிற்று, முந்தின நாள் போட்டதன்மேல் மறுநாள் மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார் மனிதர். உங்களுக்கு அரை மணியில் சலிக்கிறது!

ஆள் கிடைக்கவில்லை என்றால் கண்ணாடி இருக்கிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் இருபதுகளில், 1630 வாக்கில், விழித்தும் சிரித்தும் முறைத்தும் தன் மூஞ்சியையே சின்னச் சின்னச் செப்புத் தகடுகளில் கீறித் தள்ளினார். போகிற போக்கில் ஒரு விளையாட்டு: ஆவி படிந்த கண்ணாடியில் உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வரைந்து, பிறகு அளந்து பாருங்கள். நிஜ முகத்தில் சரிபாதி அளவுதான் இருக்கும். தினமும் பார்க்கிறீர்கள், தெரியுமா இது?

முதல் வாரம் கண்ணைத் தொடாதீர்கள். நிழல் திட்டு மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கோணல் தானாகக் காட்டிக்கொடுக்கும். முடித்ததும் எது தப்பு என்று ஒரே ஒரு வரி அதே பக்கத்தில் எழுதி, தேதி போடுங்கள். "காது மேலே ஏறிவிட்டது" என்கிற மாதிரி. மறுநாள் அந்தக் காதிலிருந்து ஆரம்பியுங்கள். வலையில் ஏற்றுவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒருமுறை நோட்டை மகளிடம் கொடுங்கள், அவள் சிரித்தால் எந்த இடத்தில் சிரித்தாள் என்று மட்டும் கவனியுங்கள், விளக்கம் கேட்காதீர்கள்.

பென்சில் கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். ஒரு 2பி போதும். தாள் எதுவானாலும் சரி. மிச்சம் 23ஐ மகளிடம் கொடுத்து, உங்கள் முகத்தை அவளை வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். உங்களுடையது இப்போதைக்கு வேண்டாம்.