நாய் ஓயாமல் சொறிகிறது, பாதத்தை நக்குகிறது. வீட்டு வைத்தியம் உண்டா?

கேள்வி இதுதான்: மூன்று வயது நாய், இரவெல்லாம் சொறிகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. வாராவாரம் குளிப்பாட்டியும் குறையவில்லை. ஊசி போட்டால் கொஞ்ச நாள் சும்மா இருக்கிறது, அப்புறம் பழையபடிதான்.

வைத்தியத்துக்கு முன்னால், அது உடம்பில் எந்த இடத்தைச் சொறிகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். வால் முளைக்கும் இடத்தையும் இடுப்பையும் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. காது மடல் ஓரமும் முழங்கையும் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலைக் குடைவதால் வரும் சொறிநோயாக இருக்கலாம். காது ஓரத்தை விரலால் தேய்த்ததும் பின்னங்கால் தானாக உதைக்க ஆரம்பித்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். இது மனிதர்கள் மேலும் ஏறும், அதனால் வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் கால்நடை டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். பாதம், முகம், அக்குள், காது என்று சுற்றிச் சுற்றி வந்தால் ஒவ்வாமை. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் மலவாய்ச் சுரப்பியையும் குடல் புழுவையும் பார்க்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதில் இருந்துதான் நான் தொடங்கச் சொல்வேன். வேலூரில் நாய் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் "எங்க நாய்க்குத் தெள்ளே இல்லீங்க" என்பார்கள். கண்ணில் படாததால் இல்லை என்று ஆகிவிடாது. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடியே போதும், நாள் கணக்கில் சொறியும். நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பால் இடுப்புப் பக்கம் வாரி, உதிரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம்.

வாராவாரம் குளிப்பாட்டியும் ஏன் குறையவில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். நாயின் மேல் இருப்பது மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கட்டிலுக்கு அடியில், கால்மிதியில், மாடிப்படிக்குக் கீழே போட்ட சாக்கில் இருக்கின்றன. ஒரு பெண் பூச்சி ஒரே நாளில் 40, 50 முட்டை வரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, ஆள் நடக்கும் அதிர்வு பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனால் காலெல்லாம் கடிப்பது அதனால்தான். எனவே டாக்டர் எடை பார்த்துத் தரும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். அஃபோக்ஸோலானர் போன்ற மெல்லும் மாத்திரை ஒரு மாதம் காக்கும், ஃப்ளூராலானர் சுமார் 12 வாரம். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் உள்ள மற்ற நாய், பூனைக்கும் சேர்த்துத்தான் மருந்து; ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது, சில நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

நம் ஊர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோம், இந்த வேலைக்கு அதைவிட உதவி கிடையாது. தெள்ளுப் புழு வெயிலிலும் வறட்சியிலும் காய்ந்து செத்துவிடும். நாய் படுக்கும் துணியைக் கொதிநீரில் அலசி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போடுங்கள். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் தோட்டமுள்ள வீடு என்றால் நிழலான மூலைகளைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் வேப்பிலை, மஞ்சள் பெரிதாகக் கெடுக்காது, பெரிதாகக் கொல்லவும் கொல்லாது. மண்ணெண்ணெய், மெக்கானிக் ஷெட்டின் வேஸ்ட் ஆயில், ஃபினாயில், கற்பூரம் கலந்த எண்ணெய் எதையும் தொடாதீர்கள். நாய் அதை நக்கி உள்ளே தள்ளிக்கொள்ளும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு, பூச்சி மருந்தை அளவு தெரியாமல் கொடுப்பதும் ஆபத்து, கோலி (collie) இன ரத்தம் கலந்த நாய்க்கு உயிருக்கே ஆபத்து. நாம் அரிப்புக்குப் போடும் செட்டிரிசின் மாத்திரை சில நாய்களுக்குத்தான் கேட்கும். மூக்கடைப்பு மருந்து சேர்ந்த சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குப் போடும் சோப்பும் வேண்டாம். புளித்த வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் பூஞ்சை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். குளோர்ஹெக்ஸிடின் ஷாம்புவைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் ஊசி அநேகமாக ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. ஊசிக்குப் பிறகு நாய் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போகிறதா? அப்படியானால் அதுவேதான். அடுத்த முறை "தோலைச் சுரண்டிப் பாருங்கள், காதையும் பாருங்கள்" என்று கேளுங்கள். மனுஷ வைத்தியத்துக்கு வங்காளத்தில் இருந்தெல்லாம் வேலூருக்கு வருகிறார்கள். நாயின் தோல் பிடிவாதம் பிடித்தால் நாம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி கட்ட வேண்டியிருக்கிறது.

பூச்சி ஒழிந்தும் பாதம் நக்குவது நிற்காவிட்டால் உணவைச் சோதிக்கலாம். இதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சி, ஒரு மாவுச்சத்து என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்து, எட்டு வாரம் அது மட்டும். கோழியும் சோறும் தின்று வளர்ந்த நாய்க்கு மீனும் சர்க்கரைவள்ளியும் என்பதுபோல. இதைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான், "பாவம், பாக்குது பார்" என்று பால் பிஸ்கட்டை நீட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, சோதனை முடிந்த பிறகும் அது வேண்டாம்.

உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, உடம்பு கொதித்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அது அரிப்புப் பிரச்சினை இல்லை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.