கடலுக்கு எதிரே ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயாவுக்கு,

அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் காரில் செல்கிறோம். அவசரமில்லாத பயணமாக இருக்க வேண்டும் என்பதால், கோவளம் தொடங்கிக் கடலைப் பார்த்தபடி அமைந்த எட்டு கஃபேக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். கடைசியில் புதுச்சேரிக் கடலில் சூரிய அஸ்தமனம். அம்மாவும் வருகிறார். முழங்கால் வலி இருப்பதால், இறங்க முடியாத இடங்களில் காரிலேயே இருந்துகொள்வதாகச் சொல்கிறார். பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

ம., சென்னை

அன்புள்ள ம.,

உங்கள் பட்டியலை ஒருமுறை படித்தேன். அம்மாவைப் பற்றிய வரியைப் பலமுறை படித்தேன். சென்ற வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு புகைப்படம் கிடைத்தது. என் அம்மா காரின் பின்னிருக்கையில் காகிதக் குவளையை இரு கைகளாலும் பிடித்தபடி அமர்ந்திருக்கிறார். பக்கத்துக் கண்ணாடியில் சவுக்கு மரங்கள் தெரிகின்றன. அன்றிலிருந்து மனம் அதிலேயே கிடக்கிறது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில், நம் கரை கிழக்கு பார்த்தது. மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், ஊருக்குள்தான் மறையும். பௌர்ணமியன்று போனால், ஏறத்தாழ அதே நேரத்தில் நிலவு கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். எந்த கஃபேயில் எந்தக் காப்பி நன்றாக இருக்கும் என்பதை நீங்களே குடித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘காரிலேயே இருந்துகொள்கிறேன்’ என்று ஒரு தாய் சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு திட்டம் போடுவீர்களா? நம் வீட்டுப் பெண்கள் ‘எனக்குப் பசிக்கவில்லை’ என்று எத்தனை வேளை சொல்லியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயர்தான் கடலுடையது; அதில் பெரும்பகுதித் தொலைவுக்குக் கடல் கண்ணில் படாது. விடுதிகளின் மதில்கள், சவுக்குத் தோப்புகள், முட்டுக்காட்டில் சிறிது நேரம் உப்பங்கழி, பிறகு மீண்டும் மதில்கள். காரில் இருக்கும் உங்கள் அம்மா சுமார் 150 கிலோமீட்டர் வந்து இவற்றைத்தான் பார்ப்பார். இறங்கினாலும், எட்டு இடம் என்றால் எட்டு முறை இறங்கி எட்டு முறை ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் காரிலிருந்து இறங்குவதை அருகில் நின்று கவனித்திருக்கிறீர்களா? கதவின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, சற்றுப் பொறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் காலை எடுத்து வைக்க வேண்டும். உங்கள் முக்கால் மணி நேரத்தில் கால்மணி நேரம் அதற்கே போய்விடும்.

நானும் இதைத்தான் செய்தேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த என் அம்மா அதுவரை இரண்டே முறை கடலைப் பார்த்திருந்தார். மகிழ்ச்சிப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு அழைத்துச் சென்றேன். மாமல்லபுரத்துக்கு அருகே ஓரிடத்தில் கடல் மாடியிலிருந்துதான் தெரியும். ஏறுவதற்குச் சுழல் படிக்கட்டு. அவரைக் காரில் விட்டுவிட்டு மேலே போய்ப் படமெடுத்துவந்து, கைப்பேசியில் அவருக்குக் கடலைக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார். புதுச்சேரியை அடைந்தபோது இருட்டிவிட்டது. கல் சுவரோரம் உட்கார்ந்து, அலைச் சத்தம் வந்த திசையில் சிறிது நேரம் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, ‘போகலாம்பா’ என்று அவராகவே எழுந்தார். அவர் இன்று இல்லை.

இதே கரையில் பசியோடு நடந்தவர்களுக்கு வழி சொல்லும் நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. குறுநில மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு பெறச் செல்லும் பாணர்களுக்குச் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை காட்டும் வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அதை இன்றைய மரக்காணம் என்று கொள்வர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப் போல அங்கே கிடக்கின்றன. அவற்றை விறகாக்கி, மீனவரான நுளையர் பெண் வடித்த கள்ளைப் பரதவர் ஊட்ட, சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்கிறார் புலவர். ஓர் ஊருக்கு ஒரு விருந்து; நடந்து களைத்தவர்களை உட்கார வைத்து உண்ணச் செய்கிறார்கள். மரக்காணத்தைக் கடக்கும்போது உப்பளங்களைப் பார்க்கக் காரை மெதுவாக ஓட்டுங்கள். அம்மா இறங்காமலே பார்க்கக்கூடியவை அவை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எட்டில் ஏழை விட்டுவிடுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, சாலையின் கடற்பக்கத்தில் இருக்கிறது லே கஃபே. அந்த ஒன்று போதும். துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால் அந்நகரின் கரை பல ஆண்டுகள் அரிக்கப்பட்டது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அண்மைக் காலத்தில்தான் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. மணலில் கால் புதைய நடக்க முடியாதவருக்குச் சமதளமான அந்தச் சாலை வசதியானது. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வாகனங்களை விடமாட்டார்கள். ஆகவே 5 மணிக்குள் அவரை அங்கே இறக்கிவிடுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியாகக் கேட்டு வாங்கி, கடலைப் பார்க்கப் போட்டுக் கொடுங்கள். கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா என்று முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். கைக்கடிகாரத்தை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ‘போகலாம்’ என்று அவர் சொன்னால், இன்னொரு காப்பி சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.