ஹெல்மெட்டுக்குள் இரைச்சல்: இன்டர்காம், வாக்கி டாக்கி பற்றிய கேள்வி பதில்

நம் வேலூர் ரைடர்கள் குழுவில், "ஹெல்மெட்டில் மாட்டி வண்டிக்கு வண்டி பேசும் இன்டர்காம், வாக்கி டாக்கி தொல்லை எதுவாக இருந்தாலும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளை ஊர் பெயரோடு கீழே போட்டிருக்கிறேன். வண்டி வயரிங் என் தொழில். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறேன். இரைச்சல் என்றதும் புது செட் வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். என்னிடம் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு பொருளாக அணைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

குடியாத்தம்: அண்ணா, என்னிடம் இருப்பது பழைய புல்லட். வாக்கி டாக்கியில் எதிராளி பேசும்போது பின்னால் 'டக் டக் டக்' என்று கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அதுவே 'டர்ர்ர்' ஆகிவிடுகிறது. கடைக்காரர் செட்டை மாற்றச் சொல்கிறார்.

செட்டை மாற்ற வேண்டாம் தம்பி. உங்கள் செட் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஸ்பார்க் பிளக்கின் பொறியை அது அப்படியே உங்களுக்குக் கேட்க வைக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆக்ஸிலரேட்டரை முறுக்காத ஐடிலில் நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 10 பொறி. சில வண்டிகளில் சுற்றுக்கு ஒன்று வரும், அப்போது 20. அதனால்தான் ஐடிலில் தனித்தனி 'டக்'காகக் கேட்பது, முறுக்கினால் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடுகிறது. மார்க்கோனி காலத்து ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களே மின்பொறியை வைத்துத்தான் இயங்கின. உங்கள் வண்டியில் பிளக் வயர்தான் ஆன்டெனா.

இதை அடக்க பிளக்கிலோ பிளக் கேப்பிலோ ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பல கம்பெனிகளின் பிளக் நம்பரில் 'ஆர்' எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்று அர்த்தம். எழுத்தை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மேல் நுனியிலும் மறு முனையை அடியில் நடு எலெக்ட்ரோடிலும் வையுங்கள். ஏறக்குறைய 5000 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் பிளக். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் சாதா பிளக். கேப்பையும் வயரிலிருந்து திருகிக் கழற்றி இதே மாதிரி அளக்கலாம். அதிலும் 5000 ஓம் வகை கடைகளில் கிடைக்கிறது, விலையும் குறைவுதான்.

அளந்தது சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் கேப்பின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வயரின் செம்புக் கம்பியில் கேப் சரியாகக் கடிக்காமல் இருந்தால் அந்த இடைவெளியிலும் ஒரு பொறி தாவும். கம்பி நுனி கருகி, கேப்புக்குள் பென்சில் கோடு போட்ட மாதிரி கறுப்பாக ஒரு தடம் இருக்கும். வயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுக் கேப்பை இறுக்கமாகத் திருகுங்கள். ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓட விட்டால், கசியும் இடத்தில் நீல ஒளி கண்ணுக்கே தெரியும். பார்த்தால் போதும், கை வைத்துவிடாதீர்கள்.

பொறி எழ மின்சாரத்தை வெட்டி விடும் பாயிண்ட் வைத்த பழைய வண்டி என்றால் பாயிண்ட் முகம் தேய்ந்திருக்கிறதா, கண்டென்சர் நல்லதாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் இணைப்பையும் சுரண்டி, துரு நீக்கி, இறுக்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் பெயின்ட் மேலேயே எர்த் நட்டை முறுக்கி வைத்திருப்பதை நிறைய பார்த்திருக்கிறேன்.

ஆற்காடு: எனக்கு டக் டக் இல்லை சார். மெல்லிய 'ஙீஈஈ' என்ற கீச்சொலி. வேகம் கூடினால் சுருதி ஏறுகிறது. போனை வண்டியில் சார்ஜ் போட்டுக்கொண்டே, ஒயர் வழியாக ஹெல்மெட் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறேன்.

இது பொறியால் வருவதில்லை. வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் சார்ஜிங் காயில், அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் இரண்டும் தரும் மின்சாரத்தில் இருக்கும் ஏற்ற இறக்க அலை. காற்றில் வராமல் ஒயர் வழியாக உள்ளே நுழைகிறது. அடுத்த முறை சத்தம் வரும்போது சார்ஜர் ஒயரை மட்டும் பிடுங்குங்கள், உடனே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு பாதை உண்டாகும்போது இந்தக் கீச்சொலி வருகிறது. ஆடியோ ஒயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவைப் போடலாம். இல்லை, பாட்டை ப்ளூடூத்துக்கு மாற்றிவிடலாம், ஒயர் தொடர்பே இருக்காது. பவர் பேங்கில் சார்ஜ் போட்டாலும் சரிதான்.

ஹெட்லைட்டைப் போட்டதும் கீச்சொலி கூடினால் பேட்டரி முனைகளையும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் அந்த அலையை அது விழுங்காது.

ராணிப்பேட்டை: எல்.இ.டி ஃபாக் லைட் போட்ட பிறகு ரேடியோவே உபயோகமில்லாமல் போய்விட்டது. எஞ்சின் ஓடாதபோதும் 'ஷ்ஷ்' என்று இரைகிறது.

எஞ்சின் ஓடாதபோதும் இருக்கிறது என்ற ஒரு வரியே போதும், பாதி வேலை முடிந்தது. சாவியை மட்டும் திருப்பி, ஃபாக் லைட்டைப் போட்டுப் போட்டு அணையுங்கள். கூடவே இரைச்சலும் வந்து வந்து போனால் குற்றவாளி அதன் டிரைவர் சர்க்யூட். மலிவு எல்.இ.டி-களிலும் யு.எஸ்.பி சார்ஜர்களிலும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும் சர்க்யூட் இருக்கும், அதை வடிகட்டும் பாகங்களைத்தான் விலை குறைக்க முதலில் எடுத்துவிடுவார்கள். எஃப்.எம் ரேடியோவும் வி.எச்.எஃப் செட்டும் இதில் நன்றாக அடிவாங்கும்.

லைட்டுக்குப் பக்கத்திலேயே அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) சுற்றுங்கள். ஒரு தடவை நுழைப்பதைவிட மூன்று சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சுற்றின் எண்ணிக்கையை அதையே கொண்டு பெருக்கிய அளவுக்குக் கூடும். இதற்கும் அடங்காத லைட்டைக் கழற்றிவிட்டு வேறு போடுவது நல்லது.

வேலூர், சத்துவாச்சாரி: நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன் அண்ணா. பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 'டிட்-டிட்-டிட் டிட்-டிட்-டிட்' என்று சத்தம், அப்புறம் தானாக நின்றுவிடுகிறது. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களிடம் பட்டன் போன் ஒன்று இருக்கிறதா அம்மா? 2ஜி போன் டவரோடு பேசும்போது தொடர்ச்சியாகப் பேசாது, நொடிக்கு 217 முறை விட்டு விட்டுச் சிக்னலை அனுப்பும். அந்தத் துடிப்பைப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ஒயர் பிடித்துக்கொள்கிறது. கால் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இந்தச் சத்தம் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். போனை மேல் பாக்கெட்டிலிருந்து எடுத்து சீட்டுக்கு அடியில் போடுங்கள், தூரமாகப் போனாலே தொல்லை விடும்.

ஆம்பூர்: ஆக்ஷன் கேமராவை ஹெல்மெட்டில் மாட்டினால் மெஷ் இன்டர்காம் ஐம்பது மீட்டரிலேயே அறுந்துபோகிறது. கேமரா இல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது.

கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ப்ளூடூத், வண்டிக்கு வண்டி பேச்சைக் கைமாற்றும் மெஷ் இன்டர்காம்களில் பல, பழைய வைஃபை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தெருவில்தான் நடக்கின்றன. ப்ளூடூத் அந்தத் தெருவை 79 சேனலாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தாவுவதால் கூட்டத்திலும் சமாளித்துவிடும். ஆனால் கேமரா நான்கு விரல் தள்ளி உட்கார்ந்து கத்தினால், தூரத்து வண்டியின் மெல்லிய சிக்னல் எப்படிக் காதில் விழும்? வைஃபை இல்லாமலும் ரெக்கார்ட் ஆகும். போன் ஆப்பில் பார்த்துக்கொண்டே ஓட்டப்போவதில்லையே.

கேமராவை இன்டர்காமுக்கு எதிர்ப்பக்கம் மாட்டினால் இன்னும் நல்லது.

காட்பாடி: வி.ஐ.டி பக்கம் டிராஃபிக்கில் நிற்கும்போது சில நேரம் குரல் உடைகிறது. இதுவும் வைஃபையா?

இருக்கலாம். ஹாஸ்டல், கடை, வீடு என்று அத்தனை வைஃபை அங்கே குவிந்திருக்கிறது. நிற்கும்போது உடைந்து, நகர்ந்ததும் சரியாகிவிட்டால் செலவு செய்ய ஒன்றுமில்லை.

திருவலம்: எங்கள் ஊர் பக்கம் பெரிய பெரிய கோபுர லைன்கள் போகின்றன. அதன் அடியில் போகும்போது இன்டர்காம் கெடுமா?

உங்கள் ஊர் துணைமின் நிலையம் 765 கிலோவோல்ட் வரை கையாளுகிறது, அதனால் சந்தேகம் வருவது நியாயம்தான். அந்த லைன்களில் பனி, தூறல் நேரத்தில் 'ஸ்ஸ்' என்று காதுக்கே கேட்பது கரோனா டிஸ்சார்ஜ், அதாவது கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் கசிவது. அது மீடியம் வேவ் ரேடியோவை நாசமாக்கும். அலைவரிசை உயர உயர அதன் பலம் குறைந்துகொண்டே போகும், 2.4 கிகாஹெர்ட்ஸில் பொருட்படுத்த வேண்டியதில்லை. அங்கே உங்கள் இன்டர்காம் அறுந்தால் வண்டிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

திருப்பத்தூர்: ஏலகிரி ஏறும்போது முன்னால் போகிறவர் குரல் வளைவுக்கு வளைவு காணாமல் போகிறது. சீசன் நேரத்தில் வாக்கி டாக்கியில் வேறு யாரோ பேசுவதும் கேட்கிறது.

இரண்டும் வேறு வேறு விஷயம். 14 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் உங்களுக்கும் முன்வண்டிக்கும் நடுவில் மலையே நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பாறையைத் துளைத்துப் போகாது. உங்கள் தலையும் உடம்புமே அதைக் குறைக்கும். மெஷ் என்றால் ஒரு வண்டி அடுத்த வண்டிக்குக் கைமாற்றிவிடும், ஆகவே ஒருவரும் தனியாக முந்திப் போகாமல் ஒரு வளைவு இடைவெளியில் வரிசையாகப் போங்கள். நடுவில் இருப்பவரின் செட்டில் சார்ஜ் குறைந்தால் வரிசை இரண்டாக உடையும். அதனால் நல்ல பேட்டரி உள்ளவரை நடுவில் விடுங்கள்.

அடுத்தவர் குரல் கேட்பதற்குக் காரணம், உரிமம் இல்லாமல் எல்லோரும் பயன்படுத்தும் சேனல்கள் கொஞ்சம்தான். செட்டில் சி.டி.சி.எஸ்.எஸ் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) போட்டால் அந்தக் குரல்கள் உங்கள் காதுக்கு வராது. ஆனால் அவர்கள் பேசுவது நிற்காது. அவர் பேசும் அதே நேரத்தில் உங்கள் ஆள் பேசினால் வலுவான சிக்னல்தான் ஜெயிக்கும், உங்கள் ஆள் சொன்னது விழாமலே போகலாம். பேசும் முன் மானிட்டர் பட்டனை அழுத்தி, சேனல் காலியா என்று கேளுங்கள். கூட்டமாக இருந்தால் எல்லோரும் வேறு சேனலுக்கு மாறுங்கள். மாறப்போகும் சேனலைக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்வது முக்கியம்.

வாணியம்பாடி: ஆன்லைனில் 5 வாட் செட் இரண்டு வாங்கினேன். எந்த அலைவரிசையிலும் போகிறது. இரைச்சல் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாக்கி டாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அனுமதி உள்ளது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் அந்த விதிக்கு உட்பட்ட, அங்கீகாரம் பெற்ற செட்டாக இருக்க வேண்டும். காலியாக இருப்பது போல உங்களுக்குக் கேட்கும் இடத்தில் போலீஸோ ஆம்புலன்ஸோ அடுத்த நிமிடம் பேசலாம். அவர்கள் பேச்சை நீங்கள் மறைத்தால் ஒரு உயிர் போகலாம். இத்தனை நேரம் நமக்கு வரும் இரைச்சலைப் பற்றிப் பேசினோம், நாமே அடுத்தவருக்கு இரைச்சலாகிவிடக் கூடாது.

அந்தச் செட்டை ஓட்ட ஆசையாக இருந்தால் ஹாம் தேர்வு எழுதுங்கள். 12 வயது ஆனவர்கள் எழுதலாம், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு உரிமம் தருகிறது. படிக்க உதவி வேண்டுமானால் கடைக்கு வாருங்கள், நானே சொல்லித் தருகிறேன்.

போளூர்: மேப் வழி சொல்லும்போதெல்லாம் இன்டர்காம் கட் ஆகிறது. அறுபதுக்கு மேல் போனால் எதிராளிக்கு ஒரே இரைச்சலாம்.

முதலாவது குறுக்கீடே இல்லை. எதற்கு முன்னுரிமை என்று செட்டுக்குள் ஒரு அமைப்பு இருக்கும், அதில் மாற்றலாம். இரண்டாவது காற்று. வண்டியை நிறுத்தியதும் போய்விட்டால் ரேடியோவைச் சந்தேகப்பட வேண்டாம். மைக்கின் பஞ்சு உறை கிழிந்திருக்கும், மைக் உதட்டிலிருந்து விலகியிருக்கும். பஞ்சை மாற்றி, மைக்கை வாய்க்கு நேராக ஒட்டி வையுங்கள்.

ஆலங்காயம்: ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் சிக்னலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

அது ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கி, 2.34 மீட்டர் கண்ணாடி உள்ளது. அது எந்த அலையையும் அனுப்புவதில்லை, நம் இன்டர்காமும் அதற்கு இடைஞ்சல் இல்லை. அங்கே போன் சிக்னல் விட்டுவிட்டு வருவது மலையாலும் டவர் தூரத்தாலும். இன்டர்காமுக்கு டவர் தேவையில்லை, வண்டிக்கு வண்டி நேராகப் பேசும், அதனால் கவலைப்படாமல் போங்கள். அவர்களுக்குத் தொல்லை தருவது வெளிச்சம்தான். ராத்திரியில் அந்த வழியாகப் போனால் எல்.இ.டி ஃபாக் லைட்டை அணைத்து, ஹெட்லைட்டை டிம்மில் வைத்துப் போங்கள்.