கல்ட்டிலிருந்து வெளியே வருவதும் மதத்தை விட்டு விலகுவதும் ஒன்றுதானா?

இரண்டிலுமே போவது நம்பிக்கைதானே, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்ட் என்று நான் சொல்வது ஒரு தலைவரின் முழுப் பிடியில் இருக்கும் குழுவை. நான் இரண்டிலிருந்தும் வெளியே வந்தவன். என் அனுபவத்தில் வரிசையே வேறு. பிறந்த மதத்தில் மனசுதான் முதலில் விலகியது. உடம்பு அதற்குப் பிறகும் சில வருஷம் எல்லாச் சடங்குக்கும் போய்க்கொண்டிருந்தது. பின்னாளில் சேர்ந்த குழுவிலோ உடம்பு முதலில் வெளியே வந்துவிட்டது. குருவுக்குத் தெரியாமல் உலகத்தில் எதுவும் நடக்காது என்று மனசு அதன் பிறகும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தது.

பெரிய மதம் எதிலும் ஓரமாக ஒதுங்கி நிற்க நிறைய இடம் உண்டு. கல்யாணம், சாவுக்கு மட்டும் வருகிறவர், வீட்டாருக்காக வருகிறவர், வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர் என்று எல்லோரும் உறுப்பினர்கள்தான். நான் அந்த ஓரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உனக்கும் சேத்து நானே வேண்டிக்கறேன், சாப்பிட வா" என்றார். அவருக்கு வருத்தம்தான். ஆனால் என் வேலை, வீடு, நண்பர்கள் எதுவும் அதனால் இடம் மாறவில்லை.

குழுவில் அந்த ஓரமே கிடையாது. சம்பளம் அவர்களிடம், தங்குவது அவர்களோடு, யாரோடு பேசலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ராத்திரி தூங்கும் முன் அன்றைக்கு மனதில் ஓடிய தவறான எண்ணங்களை ஒரு நோட்டில் எழுதி மூத்தவரிடம் கொடுக்க வேண்டும். கணக்கு வழக்கைப் பற்றி எனக்கு வந்த சந்தேகத்தையும் அதில் எழுதினேன். காலையில் நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இது அகங்காரம் பேசுகிறது." பிறகு எதைக் கேட்டாலும் அதே வரிதான். சீனாவில் மூளைச்சலவைக்கு ஆளாக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961-ல் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு எட்டு அடையாளங்களைச் சொன்னார். பாவமன்னிப்பு போல எல்லாவற்றையும் ஒப்பிக்க வைப்பது, யோசனையை வெட்டிவிடும் ரெடிமேட் வாக்கியம், இரண்டும் அதில் உண்டு. படித்தபோது எங்கள் நோட்டைப் பார்த்து எழுதியதோ என்று தோன்றியது.

ஒருவர் விலகினால் மதத்துக்கு ஒன்றும் ஆகாது. கல்ட்டின் தலைவருக்கு அதுவே பேரிடி. தென் அமெரிக்காவின் கயானா காட்டில் ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதபோதகர் நடத்திய ஜோன்ஸ்டவுன் குடியிருப்பைப் பாருங்கள். 1978 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் நேரில் விசாரிக்க அங்கே போனார். தொள்ளாயிரத்துக்கும் மேல் இருந்த கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் அவரோடு கிளம்பத் துணிந்தார்கள். அதையே ஜோன்ஸால் தாங்க முடியவில்லை. விமான ஓடுதளத்தில் ரயன், மூன்று செய்தியாளர்கள், கிளம்பி வந்தவர்களில் ஒரு பெண் என ஐந்து பேரை ஜோன்ஸின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலையே மற்றவர்களுக்கு சயனைடு. எங்கள் குழு அப்படியெல்லாம் இல்லை. நான் எழுதிக் கொடுத்த நோட்டுகள் இன்னும் அவர்களிடம் இருக்கின்றன என்று ஒருவர் போனில் சாதாரணமாக நினைவுபடுத்தினார், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

வெளியே வந்த பிறகு கோபத்தைவிட அதிகம் படுத்தியது சின்னச் சின்ன முடிவுகள். மத்தியானம் கொஞ்சம் தூங்கலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்க ஆளில்லாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பேன். லேசாகக் காய்ச்சல் வந்தால்கூட, விலகியதற்கான தண்டனை ஆரம்பித்துவிட்டது என்று உள்ளே ஒரு குரல். பல வருஷம் ஒரே அறையில் படுத்த நண்பன் வழியில் என்னைக் கண்டதும் எதிர்ப் பக்கம் போய்விட்டான். அவன் மேல் கோபமில்லை. அவனும் அன்று ராத்திரி நோட்டு எழுத வேண்டும் அல்லவா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியது நல்லது, சின்னது கெட்டது என்று நான் சொல்லவில்லை. விலகியவர்களோடு பெற்ற தாய் தகப்பனே பேச்சைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் கிறிஸ்தவப் பிரிவுகளான யெகோவாவின் சாட்சிகளிடமும் ஆமிஷ் மக்களிடமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான மவுரிடேனியாவில் மதத்தைத் துறப்பவருக்கு மரண தண்டனை என்றே சட்டம் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒருவரிடம் போய், உனக்கென்ன, மதம்தானே, நழுவி வந்துவிடு என்று சொல்ல முடியாது. என்ன நம்புகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, விலகினவனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் எதைக் கல்ட் என்று சொல்லலாம் என்பது ஓரளவு பிடிபடும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒன்றில் இருந்தால், தயவுசெய்து ஆள் வைத்துத் தூக்கி வர நினைக்காதீர்கள். 1970-களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் என்பவர் அதையே தொழிலாகச் செய்து சிறைக்குப் போனார். 'வெளியே எல்லோரும் உன் எதிரிகள்' என்று உள்ளே சொல்லித் தருவதற்கு அது சாட்சியாகிவிடும். வாரம் ஒரு போன் போதும். குருவைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டு நாய், மாமா பையனின் வேலை, மழை, இதைப் பேசுங்கள். சான்றிதழ்களின் நகல் உங்களிடம் இருக்கட்டும், பல குழுக்கள் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருநாள் அவர்களே வந்து நின்றால், இத்தனை நாள் என்ன நடந்தது என்று அன்றைக்கே கேட்காதீர்கள். என்னிடம் ஒருவர் வாசலிலேயே கேட்டார். மறுநாள் காலை நான் திரும்பிப் போகவே கிளம்பிவிட்டேன். அம்மாதான் பையைப் பிடுங்கி வைத்தார்.