உணரி காட்டும் எண்ணை எப்போது நம்புவது?

தொழிற்கூடங்களிலும் நகரங்களிலும் பயன்படும் உணரிகள் (சென்சார்கள்) குறித்து வாசகர்கள் கேட்டவற்றுள் மூன்று கேள்விகளுக்கு இம்மாதம் விடையளிக்கிறோம்.

எங்கள் ஆலையில் பம்புகளை ஓட்டும் மோட்டார்கள் பல உள்ளன. அதிர்வு உணரிகளைப் பொருத்தினால் பழுது வருமுன்பே தெரிந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

நம்பலாம், ஆனால் எல்லா மோட்டார்களிலும் பொருத்த வேண்டியதில்லை. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 25 முறை சுழல்கிறது. சுழலும் பாகத்தின் எடை ஒருபுறம் கூடியிருந்தால் அதே 25 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வு உயரும். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதன் இரு மடங்கில் உயரும். பேரிங் வளையத்தில் சிறு பள்ளம் விழுந்தாலோ, ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டல் எழுகிறது. அந்தத் தட்டல் எத்தனை முறை எழும் என்பது குண்டுகளின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. அதனால் அது சுற்று வேகத்தின் முழு மடங்காக அமையாமல் தனியே தெரியும். இரைச்சல் காதில் விழுவதற்கு வெகு முன்பே உணரி இதைப் பிடித்துவிடும். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று 1880-இல் ழாக் கியூரியும் அவர் தம்பி பியர் கியூரியும் கண்டறிந்த பண்பே இவ்வகை உணரிகள் பலவற்றுக்கு இன்றும் அடிப்படை.

உணரியைப் பேரிங் உறையின்மேல் உறுதியாகப் பொருத்துங்கள். விசிறி மூடியின் தகட்டில் ஒட்டினால் தகட்டின் நடுக்கத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். எந்திரம் நல்ல நிலையில் ஓடும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பின்னர் வரும் எண்ணுக்குப் பொருள் உண்டு என்பதால், அதை முதல் நாளிலேயே பதிந்துவையுங்கள். எந்த மோட்டார் நின்றால் ஆலையே நின்றுவிடுமோ அதிலிருந்து தொடங்குவது சரி. மாற்று மோட்டார் தயாராக உள்ள இடத்தில் இச்செலவு வீண்.

உணரிகளின் சமிக்ஞை சுழியத்தில் தொடங்காமல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இருப்பது ஏன்?
– பாலிடெக்னிக் மாணவர், திருச்சி

தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, அதை மின்னோட்டமாக அனுப்பும் உணரியை எடுத்துக்கொள்வோம். வெறும் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20 என்றால் பாதித் தொட்டிக்கு 12 மில்லி ஆம்பியர் வரும். சுழியத்தில் தொடங்கியிருந்தால், வெறும் தொட்டியும் அறுந்த கம்பியும் ஒரே எண்ணையே காட்டும். தொட்டி காலி என்று எண்ணிக் கட்டுப்பாட்டுக் கருவி பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும், நீர் வழிந்தோடும். 4-இல் தொடங்குவதால், அளவு சுழியத்துக்கு வீழ்ந்தவுடன் பழுது கம்பியிலோ உணரியிலோதான் என்று தெரிந்துவிடுகிறது. தன் பழுதைத் தானே அறிவிக்கும் இந்த ஏற்பாட்டைத் தொழிற்சாலைப் பொறியியலின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாக மதிக்கிறேன். மேலும், ஒரே சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றாகவே இருப்பதால் கம்பியின் நீளம் அளவைப் பாதிப்பதில்லை.

அரசின் காற்றுத்தர எண் 100 என்று காட்டும்போது கைப்பேசிச் செயலி 150-க்கு மேல் காட்டுகிறது. வீட்டில் வைத்துள்ள கருவியோ வேறொன்றைச் சொல்கிறது. எது உண்மை?
– சென்னை வாசகர்

மூன்றுமே தத்தம் கணக்கில் சரியாக இருக்கக்கூடும். ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 (விட்டம் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள) நுண்துகள் இருந்தால், இந்திய அளவுகோலில் அது 100, அதாவது ‘திருப்திகரம்’ என்ற பிரிவின் மேல் எல்லை. அதே காற்று அமெரிக்க அளவுகோலில் 150-ஐத் தாண்டி ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்ற பிரிவுக்குள் சென்றுவிடும். பல செயலிகள் அமெரிக்க அளவுகோலையே பின்பற்றுகின்றன. தவிர, நுண்துகளுக்கான இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. வீட்டுக் கருவி காட்டுவதோ அந்த நொடியின் நிலவரம்.

வீட்டுக் கருவி, துகள்களின்மேல் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதைக் கொண்டு மதிப்பிடுகிறது. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால் அது அளவைக் கூட்டிக் காட்டும்; கடலோர நகரில் இதைப் புறக்கணிக்க முடியாது. கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவி துகள்களை வடிநாடாவில் சேகரித்து, ஊடுருவும் கதிர் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து அவற்றின் நிறையைக் கணக்கிடுகிறது. ஆகவே மலிவான உணரியை இத்தகைய கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் அதன் எண்ணை அப்படியே ஏற்பது தவறு. நூறு நகரங்களுக்காக 2015-இல் தொடங்கிய திறன்மிகு நகரத் திட்டத்தில் தமிழகத்தின் 11 நகரங்கள் இடம்பெற்றன. அத்தகைய நகரங்களில் எத்தனை உணரிகள் நிறுவப்பட்டன என்று கேட்பதைவிட, அவை கடைசியாக எப்போது ஒப்பிட்டுத் திருத்தப்பட்டன என்று கேட்பதே குடிமக்களுக்குப் பயன் தரும்.

உங்கள் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். சமையலறைப் புகை படாத நிழலான இடத்தில் வைத்து, காலைக்கும் மாலைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். சன்னலை எப்போது திறப்பது என்று முடிவுசெய்ய அது போதும்.