தலப்பா சின்ன விஷயமா, டீச்சர்?

கடிதம்:

வணக்கம் சேர். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு வேலூர் சிப்பாய் கலகத்த நாடகமா போடப் போறோம். கண்டி ராசாவ அந்தக் கோட்டையிலதானே அடைச்சு வச்சிருந்தாங்க, அவர விடுவிக்கத்தான் கலகம் நடந்துச்சுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன், சரியா? இல்ல வெறும் ஒரு தொப்பிக்காகவா இத்தன பேர் செத்தாங்க? இதுதான் முதல் சுதந்திரப் போரா?

பதில்:

அன்புள்ள டீச்சர், வீடியோ சொல்றது பொய். கலகம் 1806 ஜூலை 10. நீங்க சொல்ற கண்டி ராசா ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன வெள்ளைக்காரன் பிடிச்சதே 1815ல, வேலூருக்குக் கொண்டுபோனது 1816ல. பத்து வருஷம் கழிச்சு வரப்போற ஆள எப்படிங்க விடுவிப்பாங்க? படிப்பிக்கிற ஆளு ரெண்டு தேதியப் பக்கத்துல வச்சுப் பாக்க வேணாமா? அப்ப அங்க இருந்தது திப்பு சுல்தானோட புள்ளைங்க, சிப்பாய்ங்க ஏத்துனதும் திப்பு கொடிதான். முதல் போரா ரெண்டாவதாங்கற பட்டிமன்றத்துக்கு நான் வரல, ஆள விடுங்க.

எனக்கு சுருக்குன்னு பட்டது அந்த "வெறும் தொப்பி". கொஞ்ச நாளாவே மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கிற விஷயம் இது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்ங்களுக்குப் போட்ட உத்தரவு என்னன்னா, அணிவகுப்புல நிக்கிறப்ப நெத்தியில நாமம், விபூதி கூடாது, கடுக்கன் கூடாது, தாடிய எடுத்துடணும், மீசை சொன்ன அளவுல இருக்கணும், பழைய தலப்பாவுக்குப் பதிலா தோல் வச்ச புது தினுசு ஒண்ணு, அது எந்த மிருகத்துத் தோலோ யார் கண்டா. முடியாதுன்னு மே மாசமே சொன்னவங்கள சென்னைக்கு அனுப்பி விசாரிச்சு சவுக்கால அடிச்சாங்க.

எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல துரை வந்தா தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கணும், மழை கொட்டுனாலும் குடைய மடக்கிட்டு கான் ஓரமா எறங்கி நிக்கணும். ஒரு நாள் காய்ச்சலோட, காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துல நின்னவரு அவுக்கல. அன்னிக்குப் பேர் வெட்டிட்டாங்க. கூலி போனதப் பத்தி கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல மனுசன். கங்காணி கம்பால தட்டிவிட்டு துணி சேத்துல விழுந்தத மட்டும் சொல்லுவாரு, சொல்றப்ப கை தன்னால தலைக்குப் போகும். அவருகிட்ட போய் "வெறும் தலப்பாதானே தாத்தா"ன்னு கேட்டிருப்பீங்களா?

சரி, கலகம் ஏன் தோத்துச்சு? நீங்க கேக்கல, நானே சொல்றேன். விடியுமுன்ன எழும்பி, வெள்ளைக்காரப் பட்டாளம் தூங்குன பரக்ஸ சுட்டு, கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டையும் கொன்னு, கோட்டையக் கையில எடுத்தவங்க அப்புறம் வாசலக் கவனிக்காம கொள்ளையடிக்கக் கலைஞ்சுட்டாங்க. ஆற்காட்டுலருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்தப்ப மதில் மேல மிச்சமிருந்த வெள்ளைக்கார சிப்பாய்ங்க அவர கயித்தப் போட்டு மேல தூக்கிட்டாங்க, பின்னாலயே பீரங்கி வந்து கதவ ஒடச்சுச்சு. சுவரோரமா நிக்க வச்சு சுட்டதே நூறு பேர் கிட்ட. அப்புறம் கூத்தப் பாருங்க, உத்தரவையும் வாபஸ் வாங்கி, மதராஸ் கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. வெறும் தொப்பின்னு கம்பெனிக்காரனே நெனக்கல, நீங்க நெனக்கிறீங்க!

இன்னொண்ணு, கொஞ்சம் கசக்கும். 1818ல உங்க ஊவாவுல நடந்த கிளர்ச்சிய அடக்கவும் இந்தியாவுலருந்துதான் சிப்பாய்ங்களக் கொண்டாந்தாங்க, அதே மதராஸ் பட்டாளம். கிராமங்களயும் நெல்லையும் எரிச்சாங்க. நம்ம பாஷை பேசுனவங்களும் அதுல இருந்திருப்பாங்க. புள்ளைங்ககிட்ட இத மறைக்காதீங்க.

நாடகத்த நிறுத்திடாதீங்க டீச்சர், தோட்டத்துப் புள்ளைங்க இதக் கையில எடுத்ததே எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராசாவ மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல முஸ்தபா பெய்க்கப் போடுங்க. கலகம் வரப்போவுதுன்னு முன்னாடியே போய் அதிகாரிகிட்ட சொன்ன சிப்பாய் அவன், யாரும் நம்பாம அவனையே அடைச்சு வச்சாங்க, எல்லாம் முடிஞ்சதும் வெகுமதி குடுத்தாங்க. கூட நின்னவங்களக் காட்டிக் குடுத்தவனா இல்லையான்னு ஒத்திகையிலயே புள்ளைங்க சண்டை புடிக்கட்டும். வசனத்த எழுதி அனுப்புங்க, பாத்துத் தர்றேன்.