வலி போய்விட்டது, விளையாடலாமா?

கேள்வி: வயது 26. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், வாரத்துக்கு மூன்று நாள் பட்மின்டன். ஒரு வருடத்துக்குள் வலது கணுக்கால் மூன்று தடவை பிரண்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் ஐஸ் வைத்து, எண்ணெய் பூசி, வலி போகும்வரை ஓய்வெடுத்தேன். கடைசியாகப் பிரண்டு மூன்று வாரம், இப்போது வலியில்லை. விளையாடப் போகலாமா?

பதில்: இன்னும் வேண்டாம், தம்பி.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு, இடது காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அப்புறம் வலது காலில். பிறகு இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு. அநேகமாக வலது பக்கத்தில் விரல்கள் தரையைப் பிறாண்டும், கை சுவரைத் தேடும்.

கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட்கள் எலும்புகளைக் கட்டிவைப்பதோடு, பாதம் எந்தப் பக்கம் சரிகிறது என்று மூளைக்கும் சொல்கின்றன. அவை கிழியும்போது அந்தச் செய்தியும் குழம்பிவிடும். ஸ்மாஷ் அடித்து இறங்கும்போது பாதம் உள்ளே சரிந்தால், வெளிப்பக்கத் தசைகள் பிந்தித்தான் இழுத்துப் பிடிக்கும். எத்தனை வாரம் படுத்திருந்தாலும் இது சரிவராது. 1978இல் 'ஓய்வு, ஐஸ்' என்று எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, இரண்டும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். எண்ணெயோடு எனக்குச் சண்டையில்லை. பிரண்ட முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி உருவுவதுதான் கூடாது.

தினமும் பல் துலக்கும்போது வலது காலில் நில்லுங்கள். கால் ஆடுவது குறைந்ததும் காலுக்குக் கீழே மடித்த துவாய், பிறகு தலையணை. அதுவும் பழகியபின், யாரையாவது பந்து எறியச் சொல்லிப் பிடியுங்கள். படி விளிம்பில் நின்று இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், 15 தடவை, மூன்று சுற்று. பின்பு ஒற்றைக் காலால். றப்பர் பட்டியை மேசைக்காலில் கட்டி, பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஆறு வாரமாவது கொடுங்கள்.

மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்று யாராவது சொல்வார்கள். ரயில் பாதைக்கு அப்பாலுள்ள நம் கடற்கரை கடலை நோக்கிச் சரிந்தது, ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இப்போதைக்குச் சுதந்திர சதுக்க நடைபாதையே போதும்.

அந்த ஆறு வாரம் முடிந்ததும், வலது காலில் மட்டும் முன்னும் பக்கவாட்டிலும் துள்ளிப் பாருங்கள். இடது கால் அளவுக்கு, வலியில்லாமல் வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். முதல் வாரம் ஷட்டில் இல்லாமல் கால் நகர்த்தும் பயிற்சி மட்டும். அதன்பின் சில மாதம் கணுக்கால் பிரேஸ் போட்டு விளையாடுங்கள். சமதரையில் நடக்கும்போதே கால் நழுவுவதுபோல இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

மறுபடி பிரண்டால், நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொழியின் (பக்கத்தில் புடைத்திருக்கும் எலும்பின்) பின்விளிம்பை அழுத்த எலும்பிலேயே வலித்தாலோ, அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.